ஹெல்மெட்டா, இன்னும் ஏழு வாரமா? ஒரு பக்கம் தட்டையான தலையோடு வந்த குழந்தை: நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் குழந்தை ஒரு கற்பனை மாதிரி. தட்டைத் தலைக்காகக் கொண்டுவரப்படும் குழந்தைகளிடம் வழக்கமாகச் சேர்ந்தே இருக்கும் அம்சங்களை ஒரே குழந்தையிடம் வைத்து, தலை வடிவத்துக்காகப் போடும் ஹெல்மெட் பற்றிய முடிவு படிப்படியாக எப்படி எடுக்கப்படுகிறது என்று காட்டுவதற்காக எழுதியது. குழந்தையின் அளவுகள் அந்த மாதிரிக்கு உரியவை. ஆய்வு எண்கள், தர வரம்புகள், வயது வரம்புகள் நடைமுறையில் உள்ளவை.

வந்தபோது

ஆண் குழந்தை. 35 வாரத்தில், 2.1 கிலோ எடையில் பிறந்து 9 நாள் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ.) இருந்தது. வந்த அன்று வயது 4 மாதம் 20 நாள். ஐந்து வாரம் முந்திப் பிறந்ததால் அதைக் கழித்தால் 3 மாதம் 15 நாள். தலையின் வளர்ச்சியையும் கழுத்துப் பலத்தையும் இந்தக் கழித்த வயதை வைத்தே பார்க்க வேண்டும். கீழே வயது என்று வரும் இடமெல்லாம் இதுதான்.

அம்மா சொன்னது: "எப்பப் பார்த்தாலும் வலது பக்கமே திரும்பிப் படுக்கிறான் டாக்டர். இந்தப் பக்கம் திருப்பி வச்சா அடுத்த நிமிஷம் அங்கேயே போயிடுறான்." பாட்டி சொன்னது: "உட்கார ஆரம்பிச்சா தானா சரியாயிடும். எங்க வீட்டுல எல்லாருக்கும் எண்ணெய் தேய்ச்சு உருட்டித்தான் தலை அழகா வந்துச்சு." அப்பாவின் கைப்பேசியில் தலையின் உச்சியிலிருந்து எடுத்த ஒரு படமும், அதை மட்டும் பார்த்து 'கடுமை, உடனே ஹெல்மெட்' என்று வந்த ஒரு பதிலும் இருந்தன.

அம்மா கவனித்ததில்தான் நோய்க்கான காரணமே இருக்கிறது. திருப்பி வைத்தும் நிற்காமல் ஒரே பக்கம் போகும் தலைக்குப் பெரும்பாலும் பழக்கம் மட்டும் காரணமாக இருக்காது, கழுத்தைப் பார்க்க வேண்டும். பாட்டி சொன்னதிலும் பாதி உண்மை. நியூசிலாந்தில் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வில் (2004) 4 மாதத்தில் 19.7 சதவீதக் குழந்தைகளுக்குத் தலை வடிவக் கோளாறு இருந்தது. 12 மாதத்தில் அது 6.8 சதவீதம், 24 மாதத்தில் 3.3 சதவீதம். பெரும்பாலோருக்குக் குறைகிறது. யாருக்குக் குறையாது என்பதைத்தான் ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் விலக்க வேண்டியது

ஹெல்மெட் பேச்சை எடுப்பதற்கு முன் பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துகள் திறந்திருக்கின்றனவா? பின்பக்கத்து லாம்டாய்டு பொருத்து முன்கூட்டியே மூடிக்கொண்டாலும் ஒரு பக்கம் தட்டையாகும். மிக அரிது, ஆனால் அது அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டியது. மூடிய பொருத்துக்கு மேல் ஹெல்மெட் மாட்டுவது தவறு. தலையில் நீர் கோத்திருந்து சிகிச்சை செய்யாத குழந்தைக்கும் மாட்டக் கூடாது.

வித்தியாசத்தை உச்சியிலிருந்து பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். படுத்துத் தட்டையான தலையில் அந்தப் பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருக்கும், அதே பக்க நெற்றி முன்னால் புடைத்திருக்கும். ஒரு சதுரத்தைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டது போல மொத்தத் தலையும் சாய்சதுரமாகத் தெரியும். லாம்டாய்டு மூடியிருந்தால் காது பின்னாலும் கீழேயும் இழுபட்டிருக்கும், காதுக்குப் பின்னுள்ள எலும்பு புடைத்திருக்கும், பொருத்தின் மேல் விரல் ஓட்டினால் வரப்பு தட்டும்.

இந்தக் குழந்தைக்கு வலது பின்தலை தட்டை, வலது காது முன்னால், வலது நெற்றி லேசாகப் புடைப்பு. உச்சிக்குழி திறந்து மெத்தென்று இருந்தது, வரப்பு எதுவும் தட்டவில்லை. தலைச்சுற்றளவு 40.8 செ.மீ., வளர்ச்சிக் கோட்டில் ஒழுங்காக ஏறிவந்திருந்தது. எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுக்கவில்லை. கையால் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் முதலில் அல்ட்ராசவுண்டு, அதிலும் தெளியாவிட்டால்தான் சி.டி. எல்லாக் குழந்தைக்கும் 'எதற்கும் ஒரு சி.டி.' எடுப்பது வீண் கதிர்வீச்சு.

கழுத்து

குழந்தையைப் பாட்டி மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தோளை அசையாமல் பிடித்துக்கொண்டு முகத்தை மெதுவாகத் திருப்பிப் பார்த்தபோது வலப்பக்கம் தாடை தோளைத் தாண்டிப் போனது. இடப்பக்கம் தோளுக்கு முன்பே நின்றது. குழந்தை முகத்தைச் சுளித்து முதுகை வளைத்தது. கண்ணாடி முன் நிமிர்த்திப் பிடித்தால் தலை இடது தோளை நோக்கிச் சாய்ந்தது. இடது காதுக்குப் பின்னிருந்து நெஞ்செலும்புக்கு வரும் தசை இறுக்கம். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. இடது டார்டிகாலிஸ், அதாவது இடது கழுத்துத் தசை இறுகித் தலை சாயும் நிலை.

தலை இடது பக்கம் சாய்கிறது, தட்டை வலது பக்கம் இருக்கிறது என்றால் குழப்பமாகத் தோன்றும். அந்தத் தசை இறுகினால் தலையைத் தன் பக்கம் சாய்த்து முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பும். அதனால் இடது தசை இறுகிய குழந்தை வலது பின்தலையில் படுக்கிறது. தாயின் புகாருக்கு முழு விளக்கம் இதுதான். டார்டிகாலிஸ் இருந்தால் இடுப்பு மூட்டையும் சோதிக்க வேண்டும், அந்த மூட்டுக் கோளாறும் இதுவும் சேர்ந்து வருவதுண்டு. கண் அசைவையும் பார்க்க வேண்டும், மாறுகண் உள்ள குழந்தையும் தலையைச் சாய்க்கும். இவனுக்கு இரண்டும் சரியாக இருந்தன.

வீட்டில் இருந்த காரணங்களைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முதல் ஆறு வாரம் பாலாடையில் பால். ஊட்டும் எல்லோரும் வலது கைக்காரர்கள், அதனால் குழந்தை எப்போதும் இடது கையில். அப்படிப் படுத்த குழந்தைக்கு ஊட்டுபவரின் முகம் வலப்பக்கம் இருக்கும். தொட்டிலுக்கு இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் ஜன்னலும் வாசலும். பகலில் தூளி. குப்புறப் போடுவதே இல்லை, 'குறைமாசக் குழந்தை, மூச்சு முட்டும்' என்ற பயம்.

அளவு: முடிவே இங்கேதான் தடுமாறுகிறது

அம்மா மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலைமுடி படியும்படி மெல்லிய துணிக்குல்லா போட்டு, புருவத்தின் வெளிமுனையிலிருந்து எதிர்ப்பக்கப் பின்தலை வரை காலிப்பர் என்னும் கவ்வி அளக்கும் கருவியால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று முறை, அளப்பவர் ஒரே ஆள், எடுத்துக்கொள்வது சராசரி. திமிறும் குழந்தையிடம் 1, 2 மி.மீ. பிழை சாதாரணம். ஆகவே அடுத்த முறை 1 மி.மீ. குறைந்திருந்தால் அதைக் குறைந்ததாகவே எண்ணக் கூடாது.

முதல் நாள்: நீண்ட மூலைவிட்டம் 138 மி.மீ., குறுகியது 126 மி.மீ., வித்தியாசம் 12 மி.மீ. அகலம் 118, நீளம் 142. அகலத்தை நீளத்தால் வகுத்தால் 83 சதவீதம், எனவே பின்தலை முழுதும் அகன்று தட்டையாகும் வகை இல்லை.

சமச்சீரின்மைக் குறியீடு வித்தியாசத்தை மூலைவிட்டத்தால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது. அட்லாண்டா குழந்தைகள் மருத்துவமனையின் ஐந்து படித் தரம் பரவலாகப் பயன்படுகிறது: 3.5 வரை இயல்பு, 3.5 முதல் 6.25 வரை லேசானது, 6.25 முதல் 8.75 வரை மிதம், 8.75 முதல் 11 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. 12-ஐ 138-ஆல் வகுத்தால் 8.7, அதாவது மிதம். அதே 12-ஐக் குறுகிய மூலைவிட்டமான 126-ஆல் வகுத்தால் 9.5, அதாவது கடுமை. இரண்டு விதமாகவும் வகுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே குழந்தை, அதே தலை, அதே நாள். வகுக்கும் எண் மாறியதில் ஒரு படி ஏறிவிடுகிறது. இரண்டு இடங்களில் அளந்து ஒரு மாதத்தில் 'மோசமாகிவிட்டது' என்று பதறி வரும் பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தச் சூத்திரம் என்பதுதான். இந்த ஆய்வில் கடைசி வரை நீண்டதால்தான் வகுத்திருக்கிறோம்.

ஏன் அன்றே ஹெல்மெட் சொல்லவில்லை

ஹெல்மெட் தலையை அமுக்கித் திருத்துவதில்லை. 3டி ஸ்கேன் அல்லது பிளாஸ்டர் அச்சு எடுத்து, வெளியே கெட்டிப் பிளாஸ்டிக்கும் உள்ளே நுரையும் வைத்துச் செய்கிறார்கள். புடைத்த இடத்தில் ஒட்டி நிற்கும், தட்டையான இடத்தில் வெற்றிடம் விட்டிருக்கும். வளரும் தலை அந்த வெற்றிடத்துக்குள் வளரும். வேலை செய்வது தலையின் வளர்ச்சி, ஹெல்மெட் அதற்கு வழி மட்டும் விடுகிறது.

அதனால்தான் வயது முக்கியம். உலகச் சுகாதார நிறுவன வளர்ச்சி அட்டவணையில் ஆண் குழந்தையின் நடுத்தரத் தலைச்சுற்றளவு பிறப்பில் 34.5 செ.மீ., 6 மாதத்தில் 43.3, ஒரு வயதில் 46.1. முதல் ஆறு மாதத்தில் 8.8 செ.மீ., அடுத்த ஆறு மாதத்தில் 2.8 தான். ஒன்பது மாதத்துக்கு மேல் தொடங்கினால் பயன்படுத்த மிச்சமிருக்கும் வளர்ச்சி கொஞ்சம். ஆனால் இதே எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன: மூன்றரை மாதக் குழந்தைக்கு ஹெல்மெட் இல்லாமலே அந்த வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ள நேரம் இருக்கிறது, தட்டைப் பக்கத்திலிருந்து பாரத்தை எடுத்தால் போதும்.

ஹெல்மெட்டே தேவையில்லை என்று வாதிடுபவர்கள் காட்டுவது 2014-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வை. மிதமும் கடுமையுமான 84 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு 6 மாதம் ஹெல்மெட், மீதிப்பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்ட பக்கம் 26 சதவீதம், போடாத பக்கம் 23. ஹெல்மெட் போட்ட குழந்தைகளின் பெற்றோர் எல்லோரும் ஏதோ ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். வலுவான ஆய்வு. ஆனால் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைகள், டார்டிகாலிஸ் உள்ளவர்கள், மிகக் கடுமையான தலை உள்ளவர்கள் அதில் இல்லை. நம் குழந்தைக்கு அந்த ஆய்வில் இடமே கிடைத்திருக்காது. அதை வைத்து இவனுக்கு 'ஹெல்மெட் வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு பிழையோ, கைப்பேசிப் படத்தை வைத்து 'வேண்டும்' என்று சொல்வதும் அவ்வளவு பிழை.

அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் தந்த வழிகாட்டுதல் நடைமுறைக்கு ஒத்துவருகிறது: படுக்கும் நிலை மாற்றமும் பிசியோதெரபியும் செய்து பார்த்த பிறகும் மிதம் அல்லது கடுமையாகவே நிற்கும் குழந்தைக்கும், வயது தாண்டி அந்த நிலையில் வருபவருக்கும் ஹெல்மெட் பரிந்துரைக்கலாம். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த ஹெல்மெட்டுக்குத் தரும் வயது வரம்பு 3 முதல் 18 மாதம்.

இங்கே எடுத்த முடிவு: கழுத்துக்குச் சிகிச்சை, ஏழு வாரம், இடையில் ஒரு அளவு. ஐந்து மாத வயதில் குறியீடு 6.25-க்கு மேலேயே நின்று, வித்தியாசமும் 2 மி.மீ.க்கு மேல் குறையாமல் இருந்தால் அன்றே ஸ்கேன். இந்தத் தேதியையும் எண்ணையும் முதல் நாளே கோப்பில் எழுதிப் பெற்றோரிடமும் கொடுத்தாயிற்று. எல்லை குறிக்காமல் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று சொன்னால் ஒன்பது மாதம் ஓடிப்போகும்.

வீட்டில் செய்யச் சொன்னவை

கழுத்து நீட்டல் இரண்டு. ஒன்று, தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தை இடது தோள் பக்கம் திருப்பி 30 நொடி. இரண்டு, இடது தோளைக் கீழே அழுத்திப் பிடித்து வலது காதை வலது தோளுக்குக் கொண்டுபோய் 30 நொடி. துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் மூன்று மூன்று தடவை. குழந்தை எதிர்த்துத் திமிறினாலோ மூச்சோ நிறமோ மாறினாலோ உடனே விட்டுவிட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் தாயின் கையைப் பிடித்துச் செய்ய வைத்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வீடியோ பார்த்துப் பழகுவது சரிப்படாது.

தூக்கும்போது இடப்பக்கம் கீழாக ஒருக்களித்து, நம் முன்கை அவன் இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் வரும்படி பிடிப்பது. பால் ஊட்டும்போது வலது கையில் வைத்துக்கொள்வது. தொட்டிலில் தலை கால் மாற்றிப் படுக்கவைப்பது, ஜன்னலும் வாசலும் இடப்பக்கம் வரும்படி. விழித்திருக்கும்போது குப்புற: முதலில் 3 நிமிடம், நாளுக்கு ஐந்தாறு முறை, ஆள் பக்கத்திலேயே. இரண்டு வாரத்தில் நாளுக்கு மொத்தம் 30 நிமிடத்துக்கு ஏற்றுவது. தரையில் முடியாவிட்டால் சாய்ந்து உட்கார்ந்தவரின் நெஞ்சின் மேல்.

தூக்கம் மல்லாக்கத்தான், எவ்வளவு தட்டையாக இருந்தாலும். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் 1992-இல் குப்புறத் தூங்கவைக்க வேண்டாம் என்று சொன்ன பிறகே திடீர்ச் சிசு மரணம் பாதியாகக் குறைந்தது. தட்டைத் தலை அதிகமானதும் அதன் பிறகுதான். உயிர் முதலில், வடிவம் அதற்குப் பின்னால்தான். கடுகுத் தலையணையும், நடுவில் குழி வைத்த 'தலை உருண்டை' தலையணையும் வேண்டாம். தலை வடிவத் தலையணைகளுக்கு எதிராக எஃப்.டி.ஏ. 2022 நவம்பரில் எச்சரித்தது, மூச்சடைக்கும் ஆபத்துக்காக. எண்ணெய்க் குளியல் தொடரலாம், ஆனால் மண்டையை அமுக்கி உருட்டக் கூடாது. எலும்பு அப்படி வடிவம் மாறாது, உச்சிக்குழியில் கை அழுத்தம் விழும்.

மூன்றாம் வாரம்: அசையவில்லை

நீண்ட மூலைவிட்டம் 140, குறுகியது 129. வித்தியாசம் 11 மி.மீ., குறியீடு 7.9. ஒரு மி.மீ. பிழைக்குள் அடங்கும். கழுத்து மட்டும் நன்றாக இளகியிருந்தது. அப்பா மறுபடி ஹெல்மெட் கேட்டார்.

பதில் குழந்தையின் பின்தலையிலேயே இருந்தது. படுத்துத் தேய்ந்து முடி உதிர்ந்த வட்டம், எட்டணா அகலத்தில், அதே வலது பின்தலையில் அதே இடத்தில் பளபளத்தது. நீட்டல் ஒழுங்காக நடக்கிறது, படுக்கை மாறவில்லை என்று அர்த்தம். கேட்டபோது தெரிந்தது: தொட்டிலில் தலை கால் மாற்றிப் படுக்கவைக்கச் சொன்னதைச் செய்யவில்லை. மாற்றினால் தலை வடக்கே வருகிறது. வடக்கே தலை வைக்க வீட்டில் யாரும் ஒப்பவில்லை, அதை டாக்டரிடம் சொல்லவும் கூச்சம். இரண்டாவது, இரவு ஒரு மணிக்கு மேல் அழுதால் தூளி. தூளியில் தலை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே விடியும் வரை கிடக்கும், தாடையும் நெஞ்சுக்கு மடங்கும்.

வாதம் செய்யவில்லை. தொட்டிலைக் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போடச் சொன்னோம். கிழக்கும் மேற்கும் தலைக்கு ஆகும் திசைகள், ஒரு நாள் அது, ஒரு நாள் இது. ஜன்னல் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இடப்பக்கம் விழும் திசை கூடுதல் நாட்களுக்கு. தூளியை இரவில் அவிழ்த்துவிடுவது, பகலில் ஆள் பார்த்திருக்க அரை மணி மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, குளித்த ஈரத்தலையோடு, மூக்கு நுனி தெரியும்படி உச்சியிலிருந்து ஒரு படம்.

ஏழாம் வாரம்

வயது 5 மாதம் 3 நாள். 141, 133. வித்தியாசம் 8 மி.மீ., குறியீடு 5.7. மிதத்திலிருந்து லேசானதுக்கு இறங்கியிருந்தது, 4 மி.மீ. என்பது பிழையைத் தாண்டிய மாற்றம். முடி உதிர்ந்த வட்டம் நடுவுக்கு நகர்ந்து, பழைய இடத்தில் பூனைமுடி முளைத்திருந்தது. தானாகக் குப்புற விழுகிறான், இடப்பக்கமாகவும். ஹெல்மெட் வேண்டாம் என்று முடிவு.

இது நடக்காமல் வித்தியாசம் 11 மி.மீ.யிலேயே நின்றிருந்தால் அன்றே ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். அப்போது பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. ஹெல்மெட் போட வேண்டியது ஒரு நாளைக்கு 23 மணி நேரம். முதல் நாள் ஒரு மணி போட்டு ஒரு மணி கழற்றி, இரண்டாம் நாள் இரண்டு மணி, மூன்றாம் நாள் நான்கு, நான்காம் நாள் எட்டு, ஐந்தாம் நாள் முழு நேரம். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒரு மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுபடி போடாமல் செய்து கொடுத்தவரிடம் காட்டி உள்நுரையைச் சீவ வேண்டும். காய்ச்சல் வந்தால் கழற்றிவிட வேண்டும். தலையில் எண்ணெயும் பவுடரும் கூடாது, நுரை ஊறி நாறும், தோல் புண்ணாகும். தினம் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் உள்ளே துடைத்து நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுவது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்ச் சரிசெய்யாவிட்டால் வளர்ந்த தலைக்கு வெற்றிடம் பத்தாது, ஹெல்மெட்டே வளர்ச்சியைத் தடுக்கும். தூரத்து ஊரில் இருப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கிட வேண்டும், பல பேருக்கு ஹெல்மெட் விலையைவிட இந்தப் போக்குவரத்துதான் முறிக்கிறது.

நம் ஊருக்கென்று மூன்று விஷயம். சித்திரை, வைகாசி வெயிலில் தொடங்கினால் வியர்க்குரு நிச்சயம் என்று வைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில், மேல்சட்டை இல்லாமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். குலதெய்வத்துக்கு முடி இறக்குவதை ஸ்கேனுக்கு முன் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் சிகிச்சை முடிந்த பிறகு. நடுவில் மொட்டை போட்டால் கத்திக் கீறலின் மேல் ஹெல்மெட் உட்காரும், பொருத்தமும் மாறும். காது குத்துவதையும் தள்ளிப்போடலாம், வளையம் ஓரத்தில் மாட்டி இழுக்கும்.

மூளை வளர்ச்சி பாதிக்குமா என்பது இவர்களும் கேட்டதுதான். படுத்துத் தட்டையான தலை மூளையை நெருக்குவதில்லை. ஆனால் மிதமும் கடுமையுமான தட்டைத் தலை உள்ள குழந்தைகளிடம் வளர்ச்சித் தாமதம் கூடுதலாகக் காணப்படுகிறது. குறைவாக அசையும் குழந்தை அதிகம் ஒரே பக்கம் படுக்கும் என்பது காரணமாக இருக்கலாம். ஹெல்மெட் அதை மாற்றாது. எனவே ஹெல்மெட் போட்டாலும் போடாவிட்டாலும் தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாம் சரியான காலத்தில் வருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அது எப்படியும் வேண்டும்.

ஒரு வயதில்

150, 144. வித்தியாசம் 6 மி.மீ., குறியீடு 4. முழுதாகப் போகவில்லை. குளித்த ஈரத்தலையை உச்சியிலிருந்து பார்த்தால் வலது பின்பக்கம் இன்னும் லேசாகத் தட்டை, வலது காது ஒரு நூல் முன்னால். முடி உலர்ந்தால் தெரியாது. கழுத்து இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்புகிறது, சாய்வு இல்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஹெல்மெட் போட்டிருந்தால் இந்த 6 மி.மீ.யும் போயிருக்குமா என்று அப்பா கேட்டார். கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றுதான் பதில். அடுத்த அளவு இரண்டு வயதில். முடி இறக்க வரும் ஆவணியில் போகிறார்கள்.